எந்தக் கப்பல் உங்களுக்குச் சரிப்படும்? கேபின் துடைத்தவன் சொல்கிறேன்

"அண்ணே, எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" தூத்துக்குடியில் என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கரீபியன், மத்தியதரைக் கடல், சிங்கப்பூர் என்று வருஷக்கணக்கில் பயணிகள் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன் என்பதால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "கூட வர்றது யார் யாரு? போன லீவுக்கு எங்க போனீங்க? அதுல எது பிடிச்சிச்சு?"

ஒரே கப்பல், ஒரே வாரம், ஒரே கட்டணம், அடுத்தடுத்த கேபின். ஒரு குடும்பம் இறங்க மனசில்லாமல் இறங்கும். பக்கத்துக் குடும்பம் இரண்டாம் நாளே மேனேஜரைக் கூப்பிடு என்று நிற்கும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அவர்கள் அறைக்குள் போய்வரும் எங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். பால்கனி நாற்காலியில் உப்புப் படிந்து யாருமே உட்காராமல் கிடக்கும். அந்தப் பால்கனிக்கு அவர்கள் கூடுதல் காசு கட்டியிருப்பார்கள். கப்பல் ஊர் ஊராக நிற்கும், பாட்டி அறையை விட்டு வெளியே வராமல் படுத்திருப்பார். கப்பல் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு அது பொருந்தாத கப்பல், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் இதை முடிவு செய்யுங்கள்: நீங்கள் பார்க்கப் போவது கப்பலையா, ஊரையா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்போது நான் கேட்பது, போன சுற்றுலாவைப் பற்றி வீட்டில் இன்னும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று. ஹோட்டல் நீச்சல் குளமும் காலை டிபனும்தான் பேச்சில் வருகிறது என்றால் பெரிய கப்பல். ஒரு சந்து, ஒரு கோயில், வழியில் குடித்த டீ என்று வந்தால் சின்னக் கப்பல், இல்லாவிட்டால் ஆற்றுக் கப்பல்.

பெரிய கப்பல் என்றால் எவ்வளவு பெரிது? ராயல் கரீபியன் கம்பெனியின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கியது. 365 மீட்டர் நீளம், 20 தளம், நிறைந்தால் 7,600 பயணிகள். கொள்ளளவில் டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்குக்கு மேல். இந்த மாதிரிக் கப்பலில் துறைமுகம் என்பது சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி. பிள்ளைகளுக்குச் சறுக்கும் குளமும் பனிச்சறுக்கு ஷோவும் இருக்கும். தாத்தா பஃபேயில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். இளவட்டங்கள் ராத்திரி இரண்டு மணிக்குப் பீட்சா தேடும். மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பத்துக்கு இதைவிடத் தோதானது கிடையாது. அவரவர் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே மேசைக்கு வந்தால் போதும். யாரும் யாருக்காகவும் காரில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஊர் பார்க்கும் ஆசையோடு இதில் ஏறினால் ஏமாற்றம்தான். காலை எட்டு மணிக்குத் துறையில் கட்டும், மாலை ஐந்து ஆறு மணிக்குள் கயிற்றை அவிழ்த்துக் கிளம்பிவிடும். விளம்பரத்தில் 'ரோம்' என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில், அங்கிருந்து ரோமுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல். 'பாரிஸ்' என்றால் லே ஆவ்ர், போய்வருவதிலேயே பகல் போய்விடும். 'பாங்காக்' என்றால் லேம் சபாங். 'வெனிஸ்' இன்னும் மோசம்: 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் ஊரின் நடுக் கால்வாய்க்குள் வரக்கூடாது என்று தடை இருக்கிறது; பல கப்பல்கள் ட்ரியெஸ்டே, ராவென்னா என்று வேறு ஊரில்தான் நிற்கின்றன. ஊர்ப் பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறைமுகம், எத்தனை மணி நேரம் என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். ஐந்து ஊர் என்று போட்டிருக்கும் பயணத்தில் உண்மையில் இரண்டுதான் தேறும்.

ஊர்தான் முக்கியம் என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது நைல். வேலையை விட்டபின் நானும் என் வீட்டுக்காரியும் பயணிகளாகப் போனது அங்கேதான். லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். லக்சரில் ஏறினால் பெரும்பாலும் நான்கு இரவு, அஸ்வானில் ஏறினால் மூன்று. நடுவில் எட்ஃபு, கோம் ஓம்போ. கோம் ஓம்போவில் படித்துறையிலிருந்து நடந்தே கோயிலுக்குள் போய்விடலாம். ஒரே கோயிலுக்குள் இரண்டு சாமி, முதலைத் தலைக்கார சோபெக் ஒரு பக்கம், பருந்துத் தலைக்கார ஹோரஸ் மறுபக்கம். வெளியே வந்தால் பதப்படுத்திய முதலைகளை வைத்து ஒரு அருங்காட்சியகம். எஸ்னா மடையில் வரிசை கட்டி நிற்கும்போது சின்னப் படகுகளில் துணி வியாபாரிகள் வந்து, கீழேயிருந்தே துண்டையும் அங்கியையும் மேல்தளத்துக்கு எறிந்து விலை பேசுவார்கள். என் வீட்டுக்காரி மேலேயிருந்தே பேரம் பேசிப் பாதி விலைக்கு ஒரு மேசை விரிப்பு வாங்கினாள். அலை இல்லை, ஆட்டம் இல்லை. கடலென்றால் பயப்படுகிறவர்கள் கூடப் போகலாம்.

நம்மாட்களுக்கு அந்தப் பக்கம் பழைய உறவும் உண்டு. அந்தக் காலத்தில் சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் ஏற்றிய மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, லக்சருக்கு வடக்கேயுள்ள கொப்டோஸ் வந்து, அங்கே நைல் படகேறித்தான் அலெக்சாந்திரியா போனது. அந்தச் செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குசெய்ர் அல் காதிமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. லக்சரில் படகில் உட்கார்ந்திருக்கும்போது இது தெரிந்திருந்தால் ஆற்றைப் பார்க்கிற பார்வையே மாறுகிறது.

ஆனால் நைல் கப்பலில் இரண்டு சங்கதி யாரும் சொல்லமாட்டார்கள். படித்துறையில் இடம் கிடையாது. நான்கு ஐந்து கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்கு இறங்க அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாக நடக்கவேண்டும். காலையில் நைல் தெரியும் என்று திரையை விலக்கினால் கை எட்டும் தூரத்தில் எதிர்க் கப்பல்காரர் பல் விளக்கிக்கொண்டிருப்பார். இரண்டாவது, வெயிலுக்கு முன்னால் கோயில் பார்க்கவேண்டும் என்று விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். லீவென்றால் தூக்கம் என்கிறவர்களுக்கு இது ஆகாது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் போகலாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால்தான் அப்போது மலிவு.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அதே ஆற்றில் தஹாபியா இருக்கிறது. இரண்டு பாய்மரம், விரல்விட்டு எண்ணும் கேபின்கள். ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே போக பாய் விரித்தால் போதும், காற்று படுத்தால் இழுவைப் படகு இழுக்கும். பெரிய கப்பல்கள் நிற்காத கெபெல் சில்சிலா கல்குவாரி, எல் காப் மாதிரி இடங்களில் நிற்கும். விலை கூடத்தான். பாட்டு, டான்ஸ், நீச்சல் குளம் எதுவும் கிடையாது. புத்தகம் படிக்கிறவர்கள், பேச்சுத்துணை இருக்கிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், இரண்டாம் நாள் உங்கள் உயிரை எடுத்துவிடுவார்கள்.

பாய்மரம் என்றதும் துருக்கி குலெத் படகுகளையும் கேட்பார்கள். ஃபெத்தியே, போட்ரம், மர்மாரிஸ் பக்கம் மரத்தாலான படகு, ஒரு கேப்டன், ஒரு சமையல்காரர். பாய் இருக்கும், பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓட்டுவார்கள். நாள் முழுக்கக் கடலில் குதிப்பதும் ஏறுவதும்தான் வேலை. நீச்சல் தெரியாதவர் அங்கே போய் என்ன செய்வார்? தனி கேபின் வாங்கினால் மற்ற கேபின்களில் யார் வருவார்கள் என்று தெரியாது, ஆகவே நண்பர்கள் சேர்ந்து முழுப் படகையும் எடுப்பதுதான் நல்லது.

இனி கடல். கப்பலைவிட முக்கியமானது அது போகும் தண்ணீர். மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் சுமத்ரா, மறுபுறம் மலாயா. இரண்டும் காற்றைத் தடுத்து நிற்பதால் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங் போய்வரும் கப்பல்கள் வருஷம் முழுக்க அதிகம் ஆடுவதில்லை. முதல் பயணத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். நம் பக்கம் அப்படியில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் வாடையும் புயலும். சென்னையிலிருந்து 2022இல் ஓடத் தொடங்கிய கோர்டேலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' ஜூன் மாதம் இங்கே வந்ததும் இந்தக் கணக்கில்தான். அடுத்த வருஷம் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரைக்கும் போனது. அது 1990இல் கட்டிய கப்பல், பால்கனி அறைகள் கொஞ்சம்தான். புதுக் கப்பல்களின் படத்தைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு ஏறக்கூடாது. விமானம் ஏறாமல், செலவு அதிகம் போடாமல், கப்பல் வாழ்க்கை எப்படி என்று பார்க்க நல்லது.

உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லையா? லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'சிவகங்கை' படகில் போய்ப் பாருங்கள். சுமார் நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துப் போங்கள். அந்தச் சின்னப் படகில் தாக்குப்பிடித்துவிட்டால் பெரிய கப்பல் உங்களுக்குத் தரை மாதிரி. பஸ்ஸுக்கே அவோமின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்; வாந்தி வந்தபின் போட்டால் நிற்காது, முன்னாலேயே போடவேண்டும்.

கேபின் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. முன்முனையான அணியத்துப் பக்கமும் உச்சித்தளமும் ஊஞ்சல். கப்பலின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும். அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை ஒன்றும் செய்யாது. பணக்காரர்கள் காசு கொடுத்து மேலே அறை எடுத்து, காற்று அடித்த அன்றைக்கு எலுமிச்சம்பழத்தோடு கீழே வந்து உட்காருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கம்பெனியின் வலைத்தளத்தில் டெக் பிளான் இருக்கும். உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத்துத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். இழுப்பது எங்கள் ஆட்கள்தான், வேறு வழியில்லை. கீழே தியேட்டரோ டிஸ்கோவோ என்றால் நள்ளிரவு வரை அதிர்வு. மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற தளம்தான் நிம்மதி. 'கேரண்டி' என்று மலிவாக விற்பார்கள். எந்தக் கேபின் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். தனியாகப் போகிற இளைஞர்கள் எடுக்கலாம், வயதானவர்களோடு போகிறவர்கள் எடுக்கவே வேண்டாம். 'அப்ஸ்ட்ரக்டட்' என்றால் ஜன்னலுக்கு எதிரே உயிர்காக்கும் படகு தொங்கும்.

பால்கனி வேண்டுமா? நார்வே, அலாஸ்கா மாதிரிக் கரையோரமாகப் போகும் பயணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக்கு அது வீண், அறையில் யார் இருக்கப்போகிறார்கள்? ஜன்னலில்லாத உள்கேபின் மலிவு, தூங்குவதற்கு அருமை, ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. ராத்திரி எழுந்து பாத்ரூம் தேடும் பெரியவர்களுக்குத் திசை தெரியாமல் போகும். அவர்களுக்கு வட்ட ஜன்னலாவது உள்ள ஓஷன்வியூ எடுத்துக்கொடுங்கள். நான்கு பேருக்கு ஒரே கேபின் என்றால் இரண்டு கட்டில் கூரையிலிருந்து இறங்கும், ஏணியில் ஏறவேண்டும், பாத்ரூம் ஒன்றுதான். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் நடுவில் கதவு உள்ள இரண்டு உள்கேபின்கள் ஒரு பால்கனி கேபினைவிட நல்லது.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். பெரிய கப்பல்களின் சமையற்கூடத்தில் நம் நாட்டு ஆட்கள் இல்லாமல் இருப்பது அபூர்வம். சுத்த சைவம், ஜைன உணவு என்றால் புக் செய்யும்போதே எழுதிக்கொடுத்துவிட்டு, முதல் இரவே சாப்பாட்டுக் கூடத்துப் பெரிய வெயிட்டரிடமும் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம், அங்கே கவலையே இல்லை. நார்வேயின் கரையோரக் கப்பல்களில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். தீ என்றால் கப்பலில் அவ்வளவு பயம். புடவைக்கு நடுவில் சுற்றி வைத்த குக்கரை ஸ்கேனரில் பிடித்து, அந்த அம்மாள் முகம் போன போக்கை மறக்க முடியாது. இறங்கும் நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நார்வேயைச் சொன்னேன் அல்லவா? 1893இல் தொடங்கி, பின்னால் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை நீண்ட தபால் வழித்தடம் அது, பெயர் ஹர்டிகுருட்டன். 34 துறைமுகம், போய்வர 12 நாள். சரக்கு இறங்கும், ஊர்க்காரர்கள் ஏறி அடுத்த ஊரில் இறங்குவார்கள். கேசினோ இல்லை, ஷோ இல்லை. குளிர்காலத்தில் வானத்தில் துருவ ஒளி தெரிந்தால் ஒலிபெருக்கியில் எழுப்பிவிடுவார்கள். எனக்கு வாய்த்தால் போக ஆசைப்படும் ஒரே கப்பல் அதுதான்.

கடலே வேண்டாம், கையில் இரண்டு நாள்தான் என்றால் ஆலப்புழை படகு வீடு. மாலையில் மீனவர்கள் வலை போடுவார்கள் என்பதால் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள், இரவு முழுக்க ஓடும் என்று நினைக்காதீர்கள். பல படகுகளில் ஏசி இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான். பகல் முழுக்க ஏசி வேண்டுமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது காசு. விளம்பரத்தில் வருவது கப்பலில் ஏறுவதற்கு மட்டுமான விலை. துறைமுக வரி, குடிபானம், வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் அதன்மேல். அமெரிக்கக் கம்பெனிகளில் டிப்ஸ் தலைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர், பிள்ளைகளுக்கும் சேர்த்து. நான்கு பேர், ஏழு இரவு, 18 டாலர் என்று வைத்தால் 504 டாலர். வரவேற்பு மேசையில் போய் அதைப் பில்லிலிருந்து நீக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது எங்கள் சம்பளத்தின் பெரும்பகுதி. இதற்குமேல் நான் சொன்னால் தன்னலம் ஆகிவிடும். இதெல்லாம் கூட்டியபின் இரண்டு கப்பல்களை ஒப்பிடுங்கள். எல்லாம் அடக்கம் என்கிற சின்னக் கப்பல் பல நேரம் விலையில் பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

விசாவும் தேர்வில் ஒரு பகுதிதான். கிரேக்கத் தீவுகளில் தொடங்கித் துருக்கியின் குஷாதாசியைத் தொட்டுத் திரும்பும் பயணத்தில் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, தாண்டி மறுபடி நுழைகிறீர்கள், ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்குவதும் மறுநுழைவுதான். கர்ப்பிணிகளைப் பயணம் முடிவதற்குள் 24 வாரத்தைத் தொடுவதாக இருந்தால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் ஏற்றாது. கப்பல் டாக்டர் கட்டணம் மிக அதிகம், காப்பீட்டில் கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கப்பல் ஏறும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. நடுத் துறைமுகங்களிலும் அப்படித்தான்: கம்பெனி பஸ்ஸில் போயிருந்தால் காத்திருப்பார்கள், சொந்தமாக டாக்சி பிடித்தவருக்குக் காத்திருக்கமாட்டார்கள். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் வேறு நேரத்தில் ஓடும்; கையில் ஒரு பழைய கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மணி பார்த்து ஊர் சுற்றுவது தொந்தரவு என்று தோன்றினால், துறைமுகத்திலேயே ஒரு இரவு தங்கும் பயணமாகப் பார்த்து எடுங்கள். அட்டவணையில் 'ஓவர்நைட்' என்று போட்டிருக்கும்.